இருபது எண்ணும் வரை

பேட்டரியம்மா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, யார் வாயிலும் இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் 'பேட்டரிப் பொண்ணு' என்று கூப்பிட்டார்கள். மகள் ஒருநாள் ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டு வந்தாள். தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தபோது இவள், "பேட்டரிப் பொண்ணுன்னா ஷாக் அடிக்கத்தானே செய்யும், டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கதை. அதெல்லாம் அவளுக்கு வாய் இருந்த காலம்.

கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்பக்கம் முழுக்கத் திறந்த ஓர் அறை. சுவரோரம் சிமெண்டு மேடை, மேடையில் வரிசையாகப் பேட்டரிகள், நடுவில் சாம்பல் நிறச் சார்ஜர். எவ்வளவு கரண்ட் ஏறுகிறது என்று காட்டும் முள் ஒன்று அதன் நெற்றியில் இருந்தது. ஆசிட் சிந்தினால் ஊற்றுவதற்கு மூலையில் சோடா உப்பு கரைத்த வாளி. காலையில் ஏறும் ஷட்டர் மாலையில்தான் இறங்கும். சாரல் உள்ளே அடித்து அவள் புடவை நனைந்தாலும் பாதிகூட இறக்க மாட்டாள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஒரு காற்று கிளம்பும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அடைத்த அறையில் அது சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். அதனால் கடைக்குள் பீடி, சிகரெட், தீக்குச்சி எதற்கும் அனுமதி இல்லை. அவள் கையிலும் மோதிரம், வளையல், கடிகாரம் எதுவும் கிடையாது. அவசரக்காரர்கள் யாராவது சார்ஜர் ஓடும்போதே கிளிப்பைப் பிடுங்கினால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"பந்தியில இருக்கறவனைக் கையப் பிடிச்சு இழுக்கற மாதிரி இழுக்கறீங்களே! மொதல்ல சுவிட்ச அணைங்க, அப்புறம் கிளிப்ப எடுங்க. போடும்போது கிளிப் மொதல்ல, சுவிட்ச் அப்புறம். இத மட்டும் மறக்காதீங்க, மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல."

லாரி, கார் பேட்டரிகள் அவளிடம் வருவதில்லை. வருவதெல்லாம் வீட்டுப் பேட்டரிகள், பாட்டுக் கேட்பதற்கு. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் ஆம்ப்ளிஃபயரைப் பேட்டரியில் ஓட்டப் பழகினார்கள். பழகியபின் இன்னொன்றையும் கண்டுகொண்டார்கள். கரண்டில் ஓட்டினால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் இருக்கும். பேட்டரியில் அது இல்லை. சும்மா இருந்த காதுக்குச் சொகுசைக் காட்டியாயிற்று. கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகும் பதினைந்து வீடுகள் பேட்டரியை விடவில்லை.

அந்த ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்த்தவர் அவள் கணவர். மேடைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். "என் காது, அவ கை. இந்தக் கடைக்கு மூணாவது மெஷின் தேவையில்ல" என்பார் வருகிறவர்களிடம். அது வெறும் பெருமை இல்லை. பேட்டரி நிரம்பியதா, அளவுக்கு மீறிப் போகிறதா, உள்ளே ஏதும் கோளாறா என்பதெல்லாம் சூட்டில் தெரிந்துவிடும். பழைய மாதிரிப் பேட்டரியில் மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்கலாம், கொப்பளிப்பதைக் கேட்கலாம். இப்போது வருகிறவற்றில் மூடியே கிடையாது; அவற்றுக்குக் கைதான் கதி. அவள் வலது உள்ளங்கையைப் பேட்டரியின் பக்கத்தில் முழுசாகப் பதித்து, கண்ணை மூடி, மனதுக்குள் இருபது எண்ணுவாள். கண்ணைத் திறந்து "எடுத்துட்டுப் போங்க" என்பாள். அல்லது "படுத்துக் கெடக்கட்டும், நாளைக்கு வாங்க" என்பாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கை பொய் சொன்னதில்லை.

அந்தக் கையில் உணர்ச்சி போய் மூன்றரை வருடம் ஆயிற்று. இது ஊருக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வருவதுதான். முதலில் கால். ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எந்தத் திருப்பத்தில் கழன்றது என்றே தெரியவில்லை. அப்போது கணவர் உயிரோடு இருந்தார். "ஒத்தச் செருப்போட வந்தவளுக்கு ஒத்த இட்லிதான்" என்று கேலி செய்தார், அவளும் சிரித்தாள். அப்புறம் விரல் நுனி. ஜாக்கெட் கொக்கி பிடிபடவில்லை. கைப்பைக்குள் கைவிட்டால் சாவியா சீப்பா என்று வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. அப்புறம் மெல்ல மெல்ல உள்ளங்கை, இரண்டு கையிலும். வலி இருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பாள். இது வலி இல்லாமல் போனது, அதனால் யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட முடிந்தது.

கடையில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, முழங்கைக்குக் கீழே உட்புறத்தைப் பேட்டரியில் ஒட்டிப் பார்ப்பாள். அங்கே இன்னும் சூடு தெரிந்தது. ஆள் வந்ததும் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி, இருபது எண்ணி, ஏற்கெனவே தெரிந்த பதிலைச் சொல்லுவாள். நாடகம்தான். ஆனால் பேட்டரிக்கு நாடகமா நிஜமா என்று தெரியவா போகிறது? மூன்றரை வருடமும் அது ஒழுங்காகவே ஓடியது.

ஏன் மறைக்க வேண்டும், வயதானால் கை மரத்துப் போகாதா என்று யாரும் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கணவர் மூன்று வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதினோராம் நாள் பகல் இரண்டரை மணிக்கு நர்ஸ் வந்து, "கை சூடு கொறையுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. ஜில்லுன்னு ஆச்சுன்னா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மருந்துச் சீட்டோடு கீழே இறங்கிய மகள், "அம்மா, நீ கைய விடாத, உன் கைக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவள் அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவர் தூங்குகிறார் என்று நினைத்தாள். கை ஜில்லிடவே இல்லை என்று நினைத்தாள். நர்ஸ் திரும்பி வந்து அவர் கையைத் தொட்டவள், திடுக்கிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். "எப்பவோ போயிட்டாரே, அம்மா" என்றாள்.

மகள் மேலே ஓடிவந்து கேட்டபோது இவள் சொன்னாள்: "கடைசி வரைக்கும் கை சூடாத்தான் இருந்துச்சு. ஒரு நொடியில போயிட்டாரு." மகளுக்கு அது பெரிய ஆறுதல். வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். "எங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டே போனாரு. ஒரு நொடிதான். கஷ்டமே படல." அந்த ஒரு நொடியைக் காப்பாற்றத்தான் இவள் மூன்று வருடமாகக் கண்ணை மூடி இருபது எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் அழவில்லை. மூன்றாம் நாள் கடையைத் திறந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று ஒரு கட்சி, பாவம் கடைசியில் உடைவாள் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஏமாந்துபோனது. பசித்தால் சாப்பிட்டாள், இருட்டினால் படுத்தாள், விடிந்தால் ஷட்டரை ஏற்றினாள். மேடைக்கு அந்தப் பக்கத்தைத் துணி போட்டு மூடினாள். சோகம் என்று ஒன்று வரும் வரும் என்று எதிர்பார்த்து, வராமல் போக, எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டாள். கை முதலில் மரத்ததா மனசு முதலில் மரத்ததா என்று அவளே ஒருநாள் யோசித்தாள். யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

இப்போது இரைச்சல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற அச்சக மேற்பார்வையாளர். முப்பது வருடம் அச்சு இயந்திரங்களின் சத்தத்தில் நின்ற மனிதர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு எது கேட்டாலும் இரைச்சல். ஃபேன் இரைச்சல், ஃபிரிட்ஜ் இரைச்சல், அடுத்த வீட்டுக்காரர் மூச்சு விட்டால் இரைச்சல். தினமும் மாலை சரியாக ஐந்து மணிக்குப் பாட்டுக் கேட்பார். ஜன்னலெல்லாம் சாத்திவிடுவார். போன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் 'கிர்கிர்' என்று வருகிறது என்று அதை அணைத்து அடுக்களை டப்பாவுக்குள் போட்டுவிடுவார். பேட்டரி ஆடினால்கூடச் சத்தம் வருமாம். அதற்கு ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே பழைய மெத்தையைக் கிழித்துப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். பெட்டிக்கு வெளியே இரண்டு பித்தளைத் திருகு. ஒயரை அதில் மாட்டினால் போதும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஒயர் நீளமானால் பாட்டு கெட்டுவிடும் என்பதும் அவர் கட்சி. அதனால் அந்தப் பெட்டி இருந்த இடம் அவர் மனைவியின் கட்டிலுக்கு அடியில். மனைவி இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதமாக அந்தக் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

பெட்டியும் பஞ்சும் பித்தளைத் திருகும் அவளுக்குத் தெரியும். "சார், பேட்டரிக்கும் மூச்சு விடணும். நாலு ஓட்டையாவது போடுங்க" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். "ஓட்டை வழியா சத்தம் வருமே, அம்மா" என்பார். பேட்டரிக்கு ஏது வாய் என்று இவளும் விட்டுவிட்டாள்.

அன்றைக்கு மூன்றே காலுக்கு இரைச்சல் சார் வந்தார், வெள்ளைச் சட்டையும் மரப்பெட்டியுமாக. காலையில் கொடுத்துவிட்டுப் போன பேட்டரி இன்னும் சார்ஜரில் இருந்தது. மூடி இல்லாத மாதிரி. மதியத்திலேயே பேட்டரி நிரம்பி, முள் கிட்டத்தட்டக் கீழே வந்திருக்க வேண்டும். அது இரண்டில் நின்றுகொண்டிருந்தது. அவள் பார்த்தாள். என்னமோ சரியில்லையே என்று தோன்றியது. கையை உள்புறம் திருப்பி முழங்கைக்குக் கீழே ஒட்டிப் பார்த்திருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் மனிதர் மேடையில் மோவாயை வைக்காத குறையாக நின்றுகொண்டு அவளையே பார்த்தார்.

"கை வெச்சுப் பாருங்க, அம்மா. நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்தி."

அவள் சுவிட்சை அணைத்தாள், கிளிப்பை எடுத்தாள், உள்ளங்கையைப் பதித்தாள். கண்ணை மூடி இருபது எண்ணினாள். கை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத கைக்கு எல்லாமே ஆறிப்போனதுதான். முள் தப்பாகக் காட்டுகிறது, சார்ஜருக்கும் வயசாகிவிட்டது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேட்டரியின் பக்கம் லேசாக உப்பியிருந்ததோ என்னவோ, அதுவும் விரலுக்குத் தெரியவில்லை. ஆசிட் பட்டால் சட்டை ஓட்டையாகும் என்று இரைச்சல் சார் பேட்டரியை எப்போதும் தொடமாட்டார். அவளே தூக்கிப் பஞ்சுப் பெட்டிக்குள் வைத்து, ஒயரைத் திருகில் முடுக்கி மூடினாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

நாலரைக்கு மகள் வருவாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவது வழக்கம். அவள் வருவதற்குள் மேடையைத் துடைக்கலாம் என்று இவள் துணியை எடுத்தாள். துடைத்த இடமெல்லாம் ஈரமாக ஒரு கோடு வந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தாள், காய்ந்த துணி. கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை நடுவிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெள்ளையாக உப்பி, ஒரு பக்கம் கிழிந்து, நீர் வழிந்துகொண்டிருந்தது.

யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். இது தீப்புண் என்று தெரிந்தது. எங்கே பட்டது என்று தெரியவில்லை. காலையில் அடுப்புப் பக்கம் போகவில்லை. டீ கிளாஸை எப்போதும் இடது கையில் துணி சுற்றித்தான் பிடிப்பாள். மத்தியானச் சோறு ஆறிப்போன சோறு. வேறு எதை இவ்வளவு நேரம் தொட்டாள்? யோசித்து யோசித்து, அந்த இருபதில் வந்து நின்றாள். கடிகாரம் நாலு முப்பத்தைந்து காட்டியது. ஐந்து மணிக்கு அவர் சுவிட்சைப் போடுவார். மூடிய பெட்டி, மூடிய ஜன்னல், மேலே எழுந்திருக்க முடியாத ஒரு மனுஷி.

ஸ்கூட்டர் வந்து நின்றது. இவள் ஷட்டரை இறக்காமலே ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டியத் திருப்பு. இரைச்சல் சார் வீட்டுக்கு."

"கடையப் பூட்டலையாம்மா?"

"திருப்புடி!"

மகள் திருப்பினாள். அம்மா குரல் உயர்ந்து கேட்டு மூன்று வருடம் ஆகிறது. அந்த அதிர்ச்சியிலேயே திருப்பியிருக்கலாம்.

"போன் பண்ணிச் சொல்லேன்."

"அணைச்சு டப்பாவுல போட்டிருப்பாரு."

"என்னதாம்மா ஆச்சு?"

"கொதிக்கற பேட்டரியக் குடுத்து அனுப்பிட்டேன்."

"நீயா? கை வெச்சுப் பாக்கலையா?"

"பாத்தேன். தெரியல."

பக்கத்தில் ஒரு லாரி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போனது. "என்னது? கேக்கல!" என்று மகள் கத்தினாள்.

"தெரியலன்னேன்! எனக்குக் கையில உணர்ச்சி இல்லடி! சூடும் தெரியாது, ஜில்லுன்னு இருந்தாலும் தெரியாது!"

"எப்போலேருந்து?"

போன மாதத்திலிருந்து என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் பொய் சொல்லவும் ஒரு நொடி அவகாசம் வேண்டும். அந்த நொடியில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"மூணரை வருஷம்" என்றாள்.

வண்டி நிற்கவில்லை. வேகம் மட்டும் குறைந்தது. கண்ணாடியில் மகளின் கண் தெரிந்தது. கவுன்ட்டரில் கணக்குப் போடுகிற கண். மூன்றரையில் மூன்று போனால் என்ன மிச்சம் என்று அது பார்த்துவிட்டது. இவளும் அது பார்ப்பதைப் பார்த்தாள்.

"நின்னுடாதடி. அஞ்சாகப் போகுது."

மகள் ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள்.

இரைச்சல் சார் வீட்டில் வழக்கம்போல எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. கதவைத் தட்டினால் இரைச்சல் என்று திறக்க மாட்டார் என்பதால் மகள் தட்டவில்லை, தோளால் இடித்தாள். நல்லவேளை, தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளறையில், ஆசிட் கொதித்துப்போன பேட்டரிக்கே உரிய அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. அவர் ஆம்ப்ளிஃபயர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு விரலைச் சுவிட்ச் மேலே வைத்திருந்தார்.

"தொடாதீங்க! அந்த வெரல எடுங்க, சார்!"

அவர் விரலை எடுத்தார். பயத்தில் கையையே தூக்கிவிட்டார்.

"எந்தச் சுவிட்சையும் தொட வேண்டாம். லைட், ஃபேன் எதுவும். ஜன்னலத் தொறங்க. எல்லாத்தையும்."

"இதத்தான் நான் கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன்" என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி. "நாத்தம் அடிக்குதுன்னு அரை மணி நேரமா கத்தறேன், சாக்கடையாம். வீட்டுக்குள்ள ஏதுங்க சாக்கடை?"

மூன்று பேருமாகக் கட்டிலின் கால்களைப் பிடித்து, அவளோடு சேர்த்துக் கூடத்துக்கு இழுத்தார்கள். தரை கீறிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அந்த வீட்டுக்கு அதுவரை அப்படியொரு இரைச்சல் வந்திருக்காது. பிறகு எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு வாசலில் கால் மணி நேரம் நின்றார்கள். நாற்றம் குறைந்ததும் ஈரச் சாக்கு ஒன்றைச் சுற்றிப் பெட்டியைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், சுவரை விட்டுத் தள்ளி மண்ணில் வைத்தார்கள். மூடியை ஒரு கம்பால் நெம்பினார்கள். பேட்டரி நாலு பக்கமும் உப்பி, பஞ்சு ஒருபுறம் பழுப்பேறியிருந்தது. மகள் கையை அருகில் கொண்டுபோனாள். தொடுவதற்கு முன்னாலேயே இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, கொதிக்குது."

இரைச்சல் சார் பேட்டரியைப் பார்த்தார், அப்புறம் இவளைப் பார்த்தார்.

"நீங்க கை வெச்சுப் பாத்தீங்களே, அம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"பாத்தேன், சார். என் கை செத்துப்போச்சு. சும்மா வெச்சுக் காட்டினேன். உங்க வீட்டுக்காரம்மாவக் கொன்னிருப்பேன்." அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் மகள் டாக்டரிடம் நிறுத்தினாள், மருந்து வாங்கினாள், கட்டுப் போட வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. "சாப்பிடு", "மாத்திரை", "ஏறு" என்று மூன்று சொல்லில் நான்கு நாள் குடித்தனம் நடந்தது. மூன்றாம் நாள் கிளினிக்கில் நெற்றிக்கு நேரே காட்டிச் சூடு பார்ப்பார்களே, அந்தத் துப்பாக்கி மாதிரியான கருவி ஒன்றை வாங்கிவந்து கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். அதையும் பேசாமலே மாட்டினாள். இவளுக்கும் கேட்க எதுவும் இல்லை. மகள் அடித்திருந்தால்கூடத் தெரிந்திருக்குமா என்று ஒருமுறை நினைத்தாள்.

வருகிறவர்களிடம் நேராகவே சொன்னாள்: "என் கையில உணர்ச்சி கெடையாது. இந்தக் கருவி என்ன சொல்லுதுன்னு பாருங்க. அப்புறம் நீங்களே ஒரு தடவ கை வெச்சுப் பாத்து எடுத்துட்டுப் போங்க." இரண்டு வீடுகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. மற்றவர்கள் வந்தார்கள். இரைச்சல் சாரும் வந்தார். பெட்டியில் பஞ்சு இல்லை, பக்கத்துக்கு ஆறு ஓட்டை. அது இனிமேல் கூடத்து ஜன்னல் ஓரம்தான், அந்த ஜன்னலும் திறந்துதான் இருக்கும், வீட்டுக்காரி உத்தரவு என்றார். ஒயர் நீளமானதில் பாட்டு கொஞ்சம் கெட்டுத்தான் போயிற்று என்றார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, பேட்டரியில் உள்ளங்கையைப் பதித்து, ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார்.

ஐந்தாம் நாள் மாலை மகள் கடையிலேயே உட்கார்ந்து கைக்கட்டை மாற்றினாள். பழைய துணியைப் பிரித்து, பஞ்சால் துடைத்தாள். இவள் வேடிக்கை பார்த்தாள்.

"அன்னிக்கி நான் மருந்து வாங்கப் போனேன் இல்ல" என்றாள் மகள், புண்ணைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"எப்போ ஜில்லுன்னு ஆச்சு?"

"தெரியாதுடி. சூடா இருக்குன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நர்ஸ் வந்து என் கையிலேருந்து அவர் கைய எடுத்தப்போதான்..."

"நான் போயிட்டு வர அரை மணி நேரம் ஆச்சு."

"ம். அதுக்குள்ள எப்பவோ."

மகள் மருந்தைத் தடவினாள். எரிய வேண்டிய மருந்து.

"கூப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பாரோ என்னவோ" என்றாள் இவள். மூன்று வருடமாக உள்ளே இருந்த வாக்கியம், கடைச் சாமான் பட்டியல் மாதிரி வெளியே வந்தது.

மகள் இல்லை என்று சொல்லவில்லை. "இருக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். புதுத் துணியைச் சுற்றினாள், முடிச்சுப் போட்டாள். கையை விடவில்லை.

"எது வரைக்கும் தெரியல?"

"என்னது?"

"கை. எது வரைக்கும் தெரியல, சொல்லு." நடுவிரல் நுனியை அமுக்கினாள். "இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

மணிக்கட்டு. இல்லை. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை. இல்லை. மகளின் விரல் இவள் கைமேல் ஊர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, உட்புறத்தில் வந்தபோது இவளுக்கு உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது.

"தெரியுது" என்றாள். "இங்க தெரியுது."

மகள் அந்த இடத்தில் தன் உள்ளங்கையை முழுசாக வைத்தாள்.

"அப்பாவுக்குக் கை மரத்துப் போகல, இல்ல?"

"இல்ல. அவருக்கு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, கை."

"அப்போ நீ பிடிச்சிருந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

மகளின் கை சூடாக இருந்தது, சற்று வேர்த்தும் இருந்தது. பழக்கதோஷம், கண்ணை மூடி மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். பன்னிரண்டு வரை ஒழுங்காக வந்தது, அதற்குமேல் எண் தடுமாறியது, மூக்கிலிருந்து நீர் இறங்கி வாயில் உப்புக் கரித்தது. விடாமல் எண்ணினாள். இருபது வந்தது. மகள் கையை எடுக்கவில்லை.